மிஸ்ஸிங்

புறப்படுவதற்கு முன் கிருபாகரன் வண்டியின் சீட்டைத் தூக்கி நிறுத்தினான். குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டிகளுக்கு எஞ்சின் சீட்டுக்கு அடியில்தான். பிளக்குகளில் ஒன்றைக் கழற்றி, லுங்கியில் துடைத்து, வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். வேலைக்குக் கிளம்பியிருந்த சாராள் புடவையில் பின் குத்திக்கொண்டே வாசலுக்கு வந்தாள்.

"பாரு, எப்டி வெளுத்து கீது. உன் பல்லு கூட இம்மாம் வெளுப்பு இல்ல."

"என் பல்லு லோடு ஏத்திகினு மேட்டுல ஏறப் போறதில்ல. அத மாத்துங்க."

"நல்லா கீறத எதுக்கு மாத்தணும்? கருப்பாச்சுன்னா மாத்தலாம்."

"கேஸ் வண்டில அது எந்தக் காலத்துலயும் கருப்பாவாது. புக்குல போட்டுக்கீறத படிச்சுக் காட்டினேனா இல்லியா?"

"அண்ணன் இத்தினி வருஷமா ஷெட்டு வச்சிக்கீது. நீ புக்கு வச்சிக்கீற." சிரித்துக்கொண்டே உப்புத்தாளை எடுத்து பிளக்கின் முனையைத் தேய்க்க ஆரம்பித்தான்.

"பல்லு வெளக்கற மாதிரி வெளக்கி வெளக்கி மாட்டுங்க. ஒரு நாளு கழண்டு வுழப் போவுது."

அவன் பிளக்கை முடுக்கி, சீட்டை இறக்கி, ஏறி உட்கார்ந்தான்.

"வூட்ல தேங்கா கீதா?"

"கீது."

"அப்ப சரி."

அவ்வளவுதான் பேச்சு. தெருமுனையில் திரும்பும்போது வண்டி ஒரு தடவை விக்கியது. பிறகு ஓசை சீராகிவிட்டது.

செங்கல்பட்டுப் பக்கத்து வண்டிக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பிளக்கைக் கழற்றி நிறம் பார்ப்பார்கள். கரி பிடித்துக் கருத்திருந்தால் கெட்டுவிட்டது, வெளுத்திருந்தால் நன்றாக இருக்கிறது. பெட்ரோலில் ஓடிய நாட்களில் படிந்த வழக்கம். வண்டிகளெல்லாம் கேஸுக்கு மாறிய பிறகும் பார்க்கிற கண் மாறவில்லை. கேஸ் சுத்தமாக எரியும், கரி விடாது. பிளக்கு கடைசி வரைக்கும் வெள்ளையாகவே இருக்கும். ஆனால் சூட்டில் அதன் முனை கொஞ்சங்கொஞ்சமாகத் தேய்ந்து, பொறி தாண்ட வேண்டிய சந்து அகன்றுகொண்டே போகும். சமதளத்தில் ஒன்றும் தெரியாது. பாரத்தோடு மேடு ஏறும்போதுதான் பொறி தவறி எஞ்சின் விக்கும். அந்த விக்கலுக்குப் பட்டறைகளில் ஒரே பெயர்தான். மிஸ்ஸிங் என்பார்கள்.

பெட்ரோலில் ஓடினால் நாற்பதாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு தடவை, கேஸில் ஓடினால் இருபதாயிரத்துக்கு ஒரு தடவை பிளக்கை மாற்ற வேண்டும் என்று வண்டியோடு வந்த புத்தகத்தில் போட்டிருந்தது. டாஷ்போர்டுக்குள் பிளாஸ்டிக் உறை கூடப் பிரிக்காமல் கிடந்த அதை ஒரு ஞாயிற்றுக்கிழமை சாராள்தான் எடுத்துப் படித்தாள். சுண்டல் மடித்து வந்த காகிதத்தைக் கூடப் பிரித்துப் படிக்கிறவள் அவள். வண்டி அதற்குள் அந்தக் கணக்கைப் போல இரண்டு மடங்கு ஓடியிருந்தது.

"கம்பெனிக்காரன் பிளக்கு விக்கறதுக்கு அப்டித்தான் எழுதுவான்" என்றான் கிருபாகரனின் அண்ணன் ராமதாஸ். திருக்கழுக்குன்றம் போகிற சாலையில் அவனுக்குப் பட்டறை இருந்தது. அப்பாவின் இடத்தில் நின்று தம்பிக்குக் கல்யாணம் செய்து வைத்தவன். அவன் சொல்லிவிட்டால் கிருபாகரனுக்கு அதற்கு மேல் பேச்சில்லை.

கிருபாகரன் செங்கல்பட்டு மார்க்கெட்டில் காய்கறி ஏற்றிக்கொண்டு போய் மாமல்லபுரத்து விடுதிகளில் இறக்குவான். திரும்பும்போது ஏதாவது ஒரு குப்பத்தில் ஐஸ் போட்ட மீன் பெட்டிகளை ஏற்றி வருவான். சாராளுக்குப் புதுப்பட்டினத்தில் நூர்முகமது பாயின் ஜெராக்ஸ் கடையில் வேலை. டைப் அடிப்பது, கல்யாணத்துக்கும் சாவுக்கும் பேனர் வடிவமைப்பது, கல்பாக்கத்துக்கு வேலைக்குப் போகிறவர்கள் கேட்கும் நகல்களை எடுத்துக் கொடுப்பது. மகள் ஷாரோன் பொத்தேரியில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள்.

அன்று ஷாரோனின் கல்லூரியில் ஏதோ விழா. புடவை கட்டி எடுத்த படத்தைக் குடும்பத்து வாட்ஸப் குழுவில் போட்டாள். குழுவில் இருந்தது நான்கு பேர்: அவர்கள் மூவரும் ராமதாஸும். கொஞ்ச நேரத்தில் படத்துக்குக் கீழே கிருபாகரனிடமிருந்து ஆங்கில எழுத்தில் ஒற்றைச் சொல் வந்து விழுந்தது. மிஸ்ஸிங்.

"மிஸ் யூ டூ பா" என்று ஷாரோன் உடனே பதில் போட்டாள். பின்னாலேயே வரிசையாகச் சிவப்பு இதயங்கள். அவற்றுக்குக் கீழே ராமதாஸ் ஒரு கைகூப்பு போட்டான்.

கடையில் இருந்தபடி அதைப் பார்த்த சாராளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மகளைப் பார்த்து உருகி, அதையும் இங்கிலீஷில் எழுதுகிற ஆளா அவன். அண்ணன் போனை எடுக்காவிட்டால் ஒற்றைச் சொல்லாகத் தட்டி அனுப்புவான். பஞ்சர். பேட்டரி. பெல்ட். அண்ணனுக்குத் தனியாக அனுப்ப வேண்டியதை, குழு பட்டியலில் மேலே கிடந்ததால் அதில் அனுப்பிவிட்டிருக்கிறான். சாயங்காலம் சொல்லிக் கேலி செய்யலாம் என்று நினைத்துக்கொண்டாள். அதற்குள் ஒருவர் ரேஷன் கார்டை நீட்டி இரண்டு நகல் கேட்டார்.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு குப்பத்துச் சாலை கிழக்குக் கடற்கரைச் சாலையில் வந்து சேருகிற இடத்தில் ஒரு மேடு உண்டு. பாரத்தோடு அந்த மேட்டில் ஏறி, பெரிய சாலையைக் குறுக்கே கடந்து திரும்ப வேண்டும். அன்று கிருபாகரனின் வண்டி மேட்டில் ஏறிவிட்டது. சாலையின் நடுவில் நின்றுவிட்டது. புதுச்சேரிக்குப் போய்க்கொண்டிருந்த பேருந்து அவன் உட்கார்ந்திருந்த பக்கத்தில் மோதியது.

வண்டி அசையாமல் நின்றது என்றும், டிரைவர் தலையைக் குனிந்துகொண்டிருந்தார், தூங்கிவிட்டிருப்பார் என்றும் பேருந்து ஓட்டுநர் சொன்னார். அவர் பொய் சொல்லியிருக்க மாட்டார் என்றுதான் சாராள் நினைத்தாள். கண்ணில் பட்டதைச் சொன்னார். நின்றுபோன வண்டியில் சாவியைத் திருகுகிறவனும் தலையைக் குனிந்துதான் திருகுவான்.

ஆனால் தூங்கிவிட்டான் என்றதும் ஊர் முழுக்க உடனே நம்பியது. அதற்குக் காரணம் கிருபாகரனேதான். கண் லேசாகச் சொக்கினால் கூட வண்டியை ஓரங்கட்டி, கைலியைத் தலையோடு போர்த்திக்கொண்டு படுத்துவிடுவான். எவ்வளவு அவசரம் என்று சரக்குக்காரன் கத்தினாலும் எழுந்திருக்க மாட்டான். மார்க்கெட்டில் அவன் வண்டிக்குத் 'தொட்டில்' என்றே பெயர். "இன்னா தொட்டிலு, முழிச்சிக்கினியா?" என்று கேட்டுத்தான் மூட்டை ஏற்றுவார்கள். ஓட்டும்போது தூங்கிவிடக் கூடாது என்று தூங்கியவனை, தூங்கித்தான் செத்தான் என்று சொல்ல அந்தப் பெயர் போதுமானதாக இருந்தது.

"விடியறதுக்கு முன்னாடி மார்க்கெட்டுக்குப் போறவன் சார். தூக்கம் பத்தாது" என்று ராமதாஸும் போலீஸ்காரர்களிடம் சொன்னான். சாராள் பக்கத்தில்தான் நின்றாள். அப்போது அது அவள் காதில் விழுந்ததே தவிர மனதில் ஏறவில்லை.

அடக்கத்தின்போது ஷாரோன் போனைப் போதகரிடம் காட்டினாள். கடைசி நேரத்திலும் மகளை நினைத்து ஏங்கிய தகப்பன் என்று அவர் பேசினார். சபை முழுவதும் அழுதது. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த சாராள் வாயைத் திறக்கவில்லை. பெட்டி இன்னும் மூடப்படாமல் இருந்தது.

மழைக்காலம் முடிந்த பிறகுதான் போலீஸ் வண்டியை விட்டது. ராமதாஸ் அதைக் கட்டி இழுத்துப் பட்டறையின் பின்புறம் கொண்டுபோய்ப் போட்டான். உள்ளே கிடந்த தார்ப்பாயையும் பைபிளையும் எடுத்து வரச் சாராள் போனாள். ஓட்டுநர் பக்கம் நசுங்கியிருந்தது. மறுபக்கத்துச் சீட்டு அப்படியே இருந்தது. எதற்கென்று தெரியாமலே அதைத் தூக்கினாள். எஞ்சின் மேல் மண்ணும், மீன் தண்ணீர் வழிந்து காய்ந்த உப்பும் அடை அடையாகப் பிடித்திருந்தன. பிளக்கின் மூடியை இழுத்தாள். உள்ளே பீங்கான் பளிச்சென்று இருந்தது. அதன் மேல் அச்சடித்த கம்பெனி எழுத்து ஒன்று கூட அழியவில்லை. அடுத்ததையும் இழுத்துப் பார்த்தாள். அதுவும் அப்படித்தான்.

ராமதாஸ் பின்னால் வந்து நின்றான்.

"இத எப்ப மாமா மாத்தினீங்க?"

"எத?"

"பிளக்க."

"அது முன்னாடியே மாத்தினதுதான்."

"அன்னிக்குக் காலைல அவரு உப்புத்தாள் போட்டுத் தேச்சத நான் வாசல்ல நின்னு பாத்தேன்."

அவன் கையிலிருந்த துணியால் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தான். "வெயிலா கீது சாராளு. வூட்டுக்குப் போ."

அவளுக்கு அப்போது எல்லாம் வரிசையாகப் புரிந்தது. விபத்து நடந்த மறுநாள், வண்டியைக் காவல் நிலையத்து வளாகத்துக்குள் ஓரமாகத் தள்ளிப் போட போலீஸ்காரர்கள் கூப்பிட்டது ராமதாஸைத்தான். அதற்குப் பிறகுதான் விபத்து வண்டிகளைச் சோதிக்கும் பிரேக் இன்ஸ்பெக்டர் வந்து பார்த்து, வண்டியில் கோளாறு எதுவும் இல்லை என்று எழுதினார். அவர் பார்த்தபோது கோளாறு இல்லைதான்.

காவல் நிலையத்தில் போய்ச் சொன்னாள். எழுத்தர் பொறுமையாகவே கேட்டார். "வண்டி நல்லா கீதுன்னு அவரு எழுதிட்டாரும்மா. செத்தவரோட சொந்த அண்ணனே மெக்கானிக்கு, அவரும் அதத்தான் சொல்றாரு. நீ இன்னா புதுசா பிளக்கு அது இதுன்றே" என்றார். டிரைவரின் கவனக்குறைவு என்று வழக்கை முடித்துவிட்டார்கள்.

சாராளுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். ராமதாஸ் ஜெயிலுக்குப் போக வேண்டும் என்று அவள் நினைக்கவில்லை. தன் தம்பி தூங்கவில்லை என்று அவன் வாயால் நாலு பேர் முன்னால் சொல்ல வேண்டும். ஆலயத்தில் பக்கத்தில் உட்காருகிறவர்கள், "பாவம், கண்ணு அசந்துட்டாரு" என்று அவள் கையைத் தடவும்போதெல்லாம் அவள் கையை இழுத்துக்கொண்டாள்.

ஒரு நாள் தண்ணீர் கேன் போடுகிற கேசவன் லைசென்ஸை நகலெடுக்கக் கடைக்கு வந்தான். அவனுடையதும் கேஸ் வண்டிதான்.

"யக்கா, உங்க மூத்தாருக்கு இன்னா ஆச்சு? பிளக்கு பைத்தியம் புடிச்சிக்கீது. வேற எதுக்குப் போனாலும் மொதல்ல பிளக்கத்தான் கழட்டறாரு."

"வெளுப்பா இருந்தா?"

"அதத்தான் நானும் சொன்னேன். வெள்ளையாத்தான கீது அண்ணாத்த, வுட்டுடேன்னேன். 'வெளுப்பப் பாத்து ஏமாறாதடா, கேஸுக்கு இருபதாயிரம்னா இருபதாயிரம்தான், புக்குல போட்டுக்கீது'ன்றாரு. எந்தக் காலத்துல யக்கா அவரு புக்கு படிச்சாரு?"

"யாராவது படிச்சுக் காட்டியிருப்பாங்க" என்றாள் சாராள்.

"நல்ல மனுசன் யக்கா. தம்பி போனதுல இருந்து வண்டிங்க மேல அம்மாம் அக்கறை. பசங்க எல்லாம் அவரு கிட்டதான் போறானுங்க இப்ப."

அவள் நகலை எடுத்து நீட்டினாள். தலைகீழாக விழுந்திருந்தது. வேறொன்று எடுத்துக் கொடுத்தாள்.

வருஷ நினைவுக்குக் கல்லறையில் கல் பதிக்க வேண்டும் என்று ஷாரோன் சொன்னாள். அதற்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை பொத்தேரியிலிருந்து வந்தாள். ஆராதனை முடிந்து ராமதாஸும் சாப்பிட வந்திருந்தான். ஷாரோன் போனில் தான் செய்து வைத்திருந்த மாதிரியைக் காட்டினாள். மேலே கிருபாகரனின் படம், பெயர், வேத வசனம். எல்லாவற்றுக்கும் கீழே, அவன் அனுப்பியதை அப்படியே திரையிலிருந்து வெட்டி எடுத்த அந்தச் சொல்.

"எப்டிக் கீது பெரிப்பா?"

"நல்லாக் கீதும்மா."

குழம்புக் கரண்டியோடு நின்றிருந்த சாராள் அதைப் பாத்திரத்தில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

"ஷாரோன், அந்த வார்த்த உனக்குப் போட்டது இல்லடி."

"இன்னாது?"

"வண்டி மிஸ்ஸிங் அடிச்சுகினு இருந்துச்சு. பெரிப்பாவுக்குப் போட்டாரு. உன் படத்துக்கு அடில வந்து வுழுந்துடுச்சு."

ஷாரோன் தாயையே பார்த்தாள். "யாரு சொன்னது?"

"யாரும் சொல்லல. எனக்குத் தெரியும். அன்னிக்குக் காலைலயே வண்டி விக்குச்சு. உங்கப்பா தூங்கலடி. வண்டி நின்னுடுச்சு. அவரு சாவியத் திருகினு இருந்திருக்காரு. வேணும்னா இவரக் கேளு." ராமதாஸின் பக்கம் திரும்பினாள். "கேக்கறா மாமா. சொல்லுங்க. மிஸ்ஸிங்னா இன்னான்னு சொல்லுங்க. உங்க ஷெட்டுல தெனம் சொல்ற வார்த்ததான?"

ராமதாஸ் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். குழம்பு ஊற்றாத சோறு.

"சொல்லு பெரிப்பா. அது வண்டியா?"

அவன் ஷாரோனைத்தான் பார்த்தான், சாராளைப் பார்க்கவில்லை. "இல்லம்மா. உங்கப்பன் பாசக்காரன். உன்னப் பொடவைல பாத்துட்டு மனசு தாங்கல அவனுக்கு. உனக்குத்தான் போட்டான்."

"பொய்யி" என்றாள் சாராள். "அவருக்கு அன்னிக்கு நீங்க போனு எடுக்கல."

"அம்மா, போதும் நிறுத்து." ஷாரோன் போனைக் கவிழ்த்து வைத்தாள். "உனக்கு ஒண்ணும் போடலன்னு வயித்தெரிச்சலா?"

அந்த வீட்டில் யாரும் யாரையும் அப்படிக் கேட்டதில்லை. சாராள் மெல்லச் சொன்னாள். "அவரு தூங்கலடி. அத மட்டுந்தான் சொல்றேன்."

"தூங்கினாரு. தூங்கினா இன்னா இப்போ? என்ன நெனச்சுகினு தூங்கினாரு."

சொல்லிவிட்டுப் பெரியப்பாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். ராமதாஸ் எச்சில் படாத இடது கையை அவள் தலையில் வைத்தான். அவன் கண்ணிலிருந்தும் தண்ணீர் வந்தது. அது நடிப்பில்லை என்று சாராளுக்குத் தெரிந்தது. அதுதான் அவளுக்கு ஆத்திரமாக இருந்தது. உப்புத்தாள் தேய்த்ததை, புதுப் பிளக்கை, கேசவன் சொன்னதை எல்லாம் அங்கேயே எடுத்து வைத்துப் பேசியிருக்கலாம். அவன் வாயால் சொல்லவும் வைத்திருக்கலாம். சொன்னால் கிருபாகரன் தூங்கவில்லை என்றாகும், ஷாரோனுக்கு அப்பாவின் கடைசிச் சொல் ஒரு எஞ்சின் கோளாறாகிவிடும். இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும். இத்தனை நாள் அவன் அந்தப் பிள்ளையின் அழுகைக்குப் பின்னால்தான் நின்றிருக்கிறான். அங்கிருந்து அவனை இழுக்க வேண்டுமானால் பிள்ளையைத் தள்ள வேண்டும்.

"சோறு காயுது. குழம்பு ஊத்தட்டுமா மாமா?" என்றாள்.

"ஊத்தும்மா" என்றான் அவன்.

கல்லுக்கான எழுத்தை நூர்முகமது பாய்தான் கணினியில் அடுக்கினார். சாராளிடம் அந்த வேலையைக் கொடுக்க அவருக்கு மனமில்லை. அவள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசி வரிக்கு வந்ததும் அவர் கையை நிறுத்தினார்.

"இது மட்டும் தனியா நின்னா காணாமப் போன ஆளுக்கு அடிச்ச நோட்டீஸ் மாதிரி இருக்கு, சாராளம்மா. பின்னாடி ஒரு 'யூ' சேத்துடலாமா?"

"வேணாம் பாய்."

"பாப்பாவும் போன்ல 'யூ' சேக்கத்தான் சொல்லுச்சு."

சாராள் மகளைக் கூப்பிட்டாள். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு இருவரும் அளவாகத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். "அப்பா 'யூ' போடலியே ஷாரோன். நாம எதுக்குப் போடணும்? அவரு போட்டது போட்டபடி இருக்கட்டும்" என்றாள்.

அந்தப் பக்கம் ஷாரோன் யோசித்தாள். "ஆமா. அவரு போட்டது அவ்ளோதான். அப்டியே வுட்டுடு மா" என்றாள். அழுகை கலந்திருந்தாலும் குரலில் பழைய நெருக்கம் இருந்தது. சாராள் அந்த நெருக்கத்தை வாங்கிக்கொண்டாள். வேறென்ன செய்வது.

கல் பதித்த அன்று போதகர் ஜெபித்தார். சபையார் வந்து படித்தார்கள். பெண்கள் சிலர் அந்தச் சொல்லை விரலால் தடவி ஷாரோனைக் கட்டிக்கொண்டார்கள். ராமதாஸ் கடைசியாக வந்தான். அங்கே கூடியிருந்தவர்களில் சாராளைத் தவிர அந்தச் சொல்லைப் படிக்கத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான். மற்றவர்கள் டீக்கு நகர்ந்த பிறகும் கல்லைப் பார்த்தபடியே நின்றான். சாராள் அவனுக்கு நேர் எதிரே போய் நின்றுகொண்டாள். அவன் நிமிர்ந்து பார்த்தான். டீ குடிக்காமலே போனான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்தான். அவளும் போட்டாள்.

ஷாரோனுக்கு இப்போது படிப்பு முடிந்துவிட்டது. ஊர் இன்னும் கிருபாகரன் தூங்கிவிட்டான் என்றுதான் சொல்கிறது. மாமல்லபுரத்தில் பேனர் இறக்கிவிட்டு வரும்போதெல்லாம் சாராளின் பேருந்து அந்த இடத்தைத் தாண்டித்தான் வருகிறது. குப்பத்துச் சாலை பெரிய சாலையில் ஏறுகிற மேட்டை யாரும் சமன் செய்யவில்லை. லோடு வண்டிகள் அங்கே முதல் கியர் போட்டுத்தான் ஏறுகின்றன.